ஒரு வளையமும் ஒரு கையொப்பமும்

எஞ்சின் விசையால் வானூர்தியைப் பறக்கவிட்டவர் யாவர் என்று வகுப்பறையில் வினவினால், ரைட் சகோதரர்கள் என்னும் விடை நான்கு மூலைகளிலிருந்தும் ஒருசேர எழும். 1903-ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 17-ஆம் நாள் என்று நாளையும் சேர்த்துச் சொல்லும் மாணவரும் உண்டு. ஆயின் அந்த வானூர்தியின் எஞ்சினைச் செய்து கொடுத்தவர் யார் என்று அடுத்த வினாவைத் தொடுத்தால் வகுப்பு அமைதியாகிவிடும். அவர் பெயர் சார்லஸ் டெய்லர். ரைட் சகோதரர்களின் மிதிவண்டிக் கடையில் சம்பளத்துக்கு வேலை பார்த்தவர். கடைக்குள் இருந்த எளிய எந்திரங்களையும் கைக்கருவிகளையும் கொண்டு, ஏறத்தாழ ஆறே வாரங்களில், சுமார் 12 குதிரைத்திறன் கொண்ட எஞ்சினை அவர் உருவாக்கித் தந்தார். 1956-இல் அவர் மறைந்தார். அவர் செய்த எஞ்சினால் வானில் எழுந்தவர்களை உலகம் அறிந்த அளவுக்கு அவரை அறியவில்லை.

இந்நிலை இன்றும் பெரிதும் மாறிவிடவில்லை. விமானத்தில் ஏறி அமர்கின்ற பயணி, விமானியின் குரலை ஒலிபெருக்கியில் கேட்கிறார். பணிப்பெண்ணின் முகமலர்ச்சியைக் காண்கிறார். ஆனால் முந்தைய இரவு அந்த எஞ்சினின் மூடியைத் திறந்து, உள்ளே கையை நுழைத்து, ஒரு பகுதியைக் கழற்றி மாற்றி, மீண்டும் முடுக்கிவிட்டுச் சென்றவரை அவர் காண்பதில்லை. அம்மனிதர் அந்த விமானத்தில் விட்டுச் செல்லும் அடையாளம் ஒன்றே ஒன்றுதான். பராமரிப்பு ஏட்டில் அவர் இட்ட கையொப்பம். அந்தக் கையொப்பத்தை நம்பியே நூற்றுக்கணக்கான உயிர்கள் கடல் கடக்கின்றன. அத்தகைய ஒரு கையொப்பத்தைப் பற்றியும், ஒரு ரப்பர் வளையத்தைப் பற்றியும் இம்மலர் வாயிலாகச் சில எண்ணங்களைப் பகிர்ந்துகொள்ள விழைகிறோம்.

1983-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் காலை. அமெரிக்காவின் மயாமி நகரிலிருந்து பஹாமாஸ் தீவுகளின் தலைநகரான நாசோவுக்கு ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் நிறுவனத்தின் 855-ஆம் எண் விமானம் புறப்பட்டது. லாக்ஹீட் டிரைஸ்டார் வகையைச் சேர்ந்த பெரிய விமானம் அது. இறக்கைக்கு ஒன்றாக இரண்டும் வாற்பகுதியில் ஒன்றுமாக மூன்று எஞ்சின்கள் அதற்கு உண்டு. பயணிகள் 162 பேர். பணியாளர் 10 பேர். கடலுக்கு மேலே செல்லும் பயணமெனினும் ஒரு மணி நேரத்துக்குள் முடிந்துவிடும் குறும்பயணம்.

நாசோவை நோக்கி இறங்கத் தொடங்கிய வேளையில், நடு எஞ்சினில் எண்ணெய் அழுத்தம் குறைந்துவிட்டதென்று எச்சரிக்கை விளக்கு எரிந்தது. விமானிகள் முறைப்படி அந்த எஞ்சினை நிறுத்தினர். நாசோவில் வானிலை சீராக இல்லாமையால் மயாமிக்கே திரும்புவதென்று முடிவு செய்தனர். இரண்டு எஞ்சின்கள் எஞ்சியிருந்தன, அவை போதும். ஆனால் திரும்பும் வழியில் அவ்விரண்டு எஞ்சின்களின் எச்சரிக்கை விளக்குகளும் எரியலாயின. மூன்று எஞ்சின்களின் எண்ணெய் அளவுமானிகளும் சுழியத்தைக் காட்டின. சிறிது நேரத்தில் மூன்றாம் எஞ்சின் நின்றது. சில நிமிடங்களில் முதல் எஞ்சினும் அடங்கியது. ஏறத்தாழ 13,000 அடி உயரத்தில், ஓர் எஞ்சினும் இயங்காத நிலையில், 172 உயிர்களைச் சுமந்த விமானம் கடலை நோக்கித் தாழ்ந்துகொண்டிருந்தது. உயிர்காப்பு அங்கிகளை அணிந்துகொள்ளுமாறு பயணிகளுக்குச் சொல்லப்பட்டது.

முதலில் நிறுத்திவைத்த நடு எஞ்சினை மீண்டும் இயக்க விமானிகள் முயன்றனர். முயற்சிகள் முதலில் பலிக்கவில்லை. விமானம் 4,000 அடி அளவுக்குத் தாழ்ந்துவிட்ட நிலையில் அந்த எஞ்சின் உயிர்பெற்றது. அந்த ஒற்றை எஞ்சினின் துணைகொண்டு விமானம் மயாமியில் தரையிறங்கியது. ஒருவருக்கும் காயமில்லை. நாளேடுகளின் கணக்கில் இது சிறு விபத்து. உயிரிழப்பு இல்லாத விபத்தை உலகம் விரைவில் மறந்துவிடும். ஆயினும் இச்சிறு விபத்து நமக்குக் கற்றுத் தரும் பாடம் பெரிது.

விபத்தின் காரணத்தை அமெரிக்காவின் தேசியப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் ஆராய்ந்தது. எஞ்சினுள் ஓடும் எண்ணெயில் உலோகத் துகள் ஏதேனும் கலந்திருக்கிறதா என்று அறிவதற்குக் காந்த முனை பொருந்திய சிறு கருவி ஒன்று ஒவ்வோர் எஞ்சினிலும் செருகப்பட்டிருக்கும். துகள் ஒட்டியிருந்தால் உள்ளே ஏதோ தேய்கிறது என்று பொருள். ஆதலின் அதனை அடிக்கடி கழற்றிப் பார்த்து, மாற்றுக் கருவியைப் பொருத்துவது வழக்கம். எண்ணெய் கசியாதிருக்க அக்கருவியில் ரப்பர் வளையங்கள் இருத்தல் வேண்டும். பறப்பதற்கு முன் இரவுப் பணியில் மூன்று எஞ்சின்களிலும் இக்கருவிகள் மாற்றப்பட்டன. வழக்கமாக மேற்பார்வையாளரின் அலமாரியில் வளையம் மாட்டிய கருவிகள் ஆயத்தமாக இருக்கும். அன்று அங்கே இல்லாமையால் பண்டகசாலையிலிருந்து எடுத்து வந்தார்கள். அவற்றில் ‘பயன்பாட்டுக்கு ஏற்றது’ என்னும் சீட்டுக் கட்டப்பட்டிருந்தது. வளையம் மட்டும் இல்லை. சீட்டைக் கண்டவர்கள் வளையம் இருக்கும் என்று எண்ணிக்கொண்டார்கள். பொருத்தி முடித்தபின் எஞ்சினைச் சில நொடிகள் சுழலவிட்டுக் கசிவு இல்லையென்று கண்டார்கள். கசிவு வெளிப்பட அந்தச் சில நொடிகள் போதவில்லை. புதிய வளையம் இட வேண்டும் என்று பணியட்டையில் எழுதப்பட்டிருந்தது. இட்டதாகக் கையொப்பமும் இருந்தது.

நோய் இருக்கிறதா என்று பார்க்கச் செய்த சோதனையே நோயாகிப் போன கதை இது. பழுதில்லாத மூன்று எஞ்சின்கள், பழுது பார்த்ததனால் பழுதாயின.

இங்கே நாம் நின்று எண்ண வேண்டியது ஒன்று உண்டு. மூன்று மானிகளும் ஒரே சமயத்தில் சுழியத்தைக் காட்டியபோது, விமானிகள் முதலில் அதனை நம்பவில்லை. மானிகளில்தான் கோளாறு என்று கருதினார்கள். அவர்களைக் குறை சொல்லுதல் தகாது. தனித்தனியே இயங்கும் மூன்று எஞ்சின்களில் ஒரே வேளையில் எண்ணெய் தீர்ந்துபோவது நடக்கக்கூடியதா? ஒன்று கெட்டால் இரண்டு, இரண்டும் கெட்டால் ஒன்று என்பதற்காகத்தானே மூன்று வைத்தார்கள்? கணக்கு சரியானதுதான். ஆனால் மூன்று எஞ்சின்களையும் தொட்ட இரவு ஒன்று; கருவிகள் வந்த பண்டகசாலை ஒன்று; ‘இருக்கும்’ என்ற ஊகமும் ஒன்று. எஞ்சின் மூன்றாயினும் காவல் ஒன்றாகச் சுருங்கிவிட்டதை வானத்தில் இருந்தவர்கள் எவ்வாறு அறிவார்கள்?

தமிழ்த் துறையில் பணியாற்றும் நமக்கு இவ்விடத்தில் சுவடிப் பதிப்பு நினைவுக்கு வருவது இயல்பே. ஒரு நூலுக்கு மூன்று ஏட்டுச் சுவடிகள் கிடைத்து, மூன்றிலும் ஒரே சொல் காணப்பட்டால் அதுவே மூல பாடம் என்று துணிந்துவிடத் தோன்றும். ஆனால் அம்மூன்றும் ஒரே தாய்ச் சுவடியைப் பார்த்து எழுதப்பட்டவையாயின் அவை மூன்று சாட்சிகள் ஆகா. ஒரு சாட்சியே மூன்று முறை பேசுகிறது. தாய்ச் சுவடியை எழுதியவர் ஓர் அடியை விட்டுவிட்டிருந்தால் மூன்று சேய்ச் சுவடிகளிலும் அந்த அடி இராது. உ.வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று வெவ்வேறு இடத்துச் சுவடிகளைத் திரட்டி ஒப்புநோக்கியதன் பயன் இங்கேதான் விளங்குகிறது. எம்.ஃபில். ஆய்வுக் காலத்தில் நம் பேராசிரியர் சுவடிகளைக் கையில் தந்து, “எத்தனை ஏடு இருக்கிறதென்று எண்ணாதீர்கள், எத்தனை கை எழுதியிருக்கிறதென்று பாருங்கள்” என்று கூறுவார். அப்போது அது பதிப்பியல் பாடமாக மட்டுமே நமக்குத் தோன்றியது. வானூர்திக்கும் அது பொருந்தும் என்பது பின்னாளில் விளங்கிற்று.

மயாமி விபத்தில் கையொப்பமிட்ட தொழிலாளர்களை மட்டும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்திவிட்டு நாம் நகர்ந்துவிடலாகாது. அதே நிறுவனத்தில் அதற்கு முன்னரே, இக்கருவியையும் வளையத்தையும் ஒட்டிய தவறுகளால் 12 முறை எஞ்சின்கள் நின்றோ விமானங்கள் திட்டமிடாது தரையிறங்கியோ இருக்கின்றன. ஒவ்வொரு முறையும் தொழிலாளியின் கவனக்குறைவு என்று நிருவாகம் முடிவு செய்தது. பணியட்டையில் எழுதியிருப்பது ஒன்றும் தளத்தில் நடப்பது வேறொன்றுமாக இருப்பதை அது கருதிப் பார்க்கவில்லை. வளையம் ஏற்கெனவே மாட்டியே வரும் கருவியைப் பல நாள் பொருத்திப் பழகியவர், ‘வளையம் இட்டேன்’ என்று எழுதும்போது உண்மையில் ‘வளையம் இருந்திருக்கும்’ என்றே எழுதுகிறார். பன்னிரண்டு முறை ஒலித்த மணியைக் கேளாதவர்களுக்கும் பதின்மூன்றாம் விபத்தில் பங்கு உண்டு. அந்நிறுவனம் 1991-இல் மூடப்பட்டது. விபத்தின் பாடம் பயிற்சிக் கூடங்களில் இன்றும் சொல்லப்படுகிறது.

சொல்லப்பட்ட பாடம் உடனே கற்கப்பட்டுவிடுவதில்லை. 1995-ஆம் ஆண்டு பிப்ரவரி 23-ஆம் நாள், இங்கிலாந்தின் ஈஸ்ட் மிட்லண்ட்ஸ் விமான நிலையத்திலிருந்து புறப்பட்ட போயிங் 737 விமானத்தின் இரண்டு எஞ்சின்களிலிருந்தும் எண்ணெய் வழிந்துபோயிற்று. முந்தைய இரவு இரண்டு எஞ்சின்களின் உட்புறத்தையும் குழல்நோக்கியால் சோதித்தவர்கள், சோதனைக்காகத் திறந்த மூடிகளை இரண்டிலும் மீண்டும் பொருத்தவில்லை. ஒருவர் தொடங்கிய வேலையை மற்றொருவர் ஏற்றார். இடையிடையே வேறு பணிகள் குறுக்கிட்டன. எஞ்சினை ஓட்டிப் பார்க்கும் சோதனை நடைபெறவில்லை. வேலை முடிந்ததாகக் கையொப்பம் மட்டும் இடப்பட்டது. விமானம் லூட்டனில் பாதுகாப்பாக இறங்கியது. அதுவும் சிறு விபத்துத்தான்.

எல்லா முறையும் இவ்வாறு சிறு விபத்தாக முடிவதில்லை. 1979-ஆம் ஆண்டு மே 25-ஆம் நாள் சிகாகோவில் எழும்பிய டிசி-10 விமானத்தின் இடப்பக்க எஞ்சின், தாங்குகட்டையோடு பிய்த்துக்கொண்டு விழுந்தது. விமானத்தில் இருந்த 271 பேரும் தரையில் இருந்த இருவரும் மாண்டனர். பராமரிப்பின்போது எஞ்சினையும் தாங்குகட்டையையும் தனித்தனியே கழற்றுவதே முறை. வேலை நேரத்தை மிச்சப்படுத்த இரண்டையும் ஒருசேரப் பளுதூக்கி வண்டியால் இறக்கி ஏற்றியதில் விரிசல் விழுந்திருந்தது. அந்த விரிசலோடு விமானம் பல வாரம் பறந்தது. நேற்றும் ஒன்றும் ஆகவில்லை, இன்றும் ஒன்றும் ஆகவில்லை என்று எண்ணியிருக்க, ஒருநாள் ஆகிவிட்டது.

இவற்றின் பயனாக ஒரு நல்ல விதி உருவாயிற்று. நெடுந்தொலைவு கடல் கடக்கும் இரட்டை எஞ்சின் விமானங்களில், ஒரே வேலையை ஒரே ஆள் ஒரே சமயத்தில் இரண்டு எஞ்சின்களிலும் செய்தலாகாது. தவிர்க்க முடியாத நிலையில் வேறொருவர் சரிபார்த்தல் வேண்டும். எத்தனை ஏடு என்று எண்ணாமல் எத்தனை கை என்று பார்க்கச் சொன்ன பேராசிரியரின் வாக்கும் இவ்விதியும் ஒன்றே.

வானூர்தி நமக்குத் தொலைவான பொருள். எஞ்சின் அவ்வாறன்று. நம் தந்தையார் ஆயில் எஞ்சின் பழுது பார்ப்பவர். காவிரிப் பாசனப் பகுதியின் சிற்றூர் ஒன்றில், ஓட்டுக் கூரை வேய்ந்த பட்டறையில், உழவர்களின் டீசல் எஞ்சின்களைப் பிரித்து மாட்டியே எங்களைப் படிக்க வைத்தார். பள்ளி விடுமுறை நாட்களில் அப்பட்டறையே நமக்கு வகுப்பறை. அங்கே மூன்று வழக்கங்களை அவர் ஒருநாளும் கைவிட்டதில்லை.

முதலாவது, தரையில் சாக்கை விரித்துக் கழற்றிய வரிசையிலேயே பாகங்களை இடமிருந்து வலமாக அடுக்குவார். மாட்டும்போது வலமிருந்து இடமாக எடுப்பார். வேலை முடிந்தபின் சாக்கில் ஒரு வாஷர் எஞ்சியிருந்தாலும் மறுபடி எல்லாவற்றையும் பிரித்துவிடுவார். இரண்டாவது, கழற்றிய பழைய கேஸ்கட்டைக் கத்தரியால் உடனே இரண்டாக வெட்டிப் போடுவார். ‘இருக்கட்டும், அவசரத்துக்கு ஆகும்’ என்று எவரும் அதனை மறுபடி எடுத்துவிடலாகாது என்பதற்காக. மூன்றாவது, எஞ்சினை மாட்டி முடித்ததும் அடியில் பழைய செய்தித்தாளை விரித்து ஒரு மணி நேரம் ஓட விடுவார். தாளில் ஒரு துளி எண்ணெய் விழுந்தாலும் எஞ்சின் பட்டறையை விட்டு நகராது.

ஒரு கோடையில், மாட்டுவண்டியோடு வந்து காத்திருந்த உழவர் ஒருவர் பொறுமையிழந்து, “பயிர் காயுது பாய். ஓட்டிப் பாத்ததெல்லாம் போதும், வண்டியில ஏத்தி விடுங்க” என்றார். தந்தையார் சினம் கொள்ளவில்லை. “பயிர் காயுதுன்னுதான் ஓட்டிப் பாக்குறேன். நடுராத்திரியில நின்னு போச்சுன்னா யாரைத் தேடுவீங்க? போய் ஒரு டீ குடிச்சிட்டு வாங்க, தாள் சுத்தமா இருந்தா நானே ஏத்தி விடுறேன்” என்றார். உழவர் முணுமுணுத்துக்கொண்டே போனார். திரும்பி வந்தபோது தாள் சுத்தமாகவே இருந்தது. “நான்தான் அப்பவே சொன்னேனே” என்றார் உழவர். தந்தையார் சிரித்துவிட்டு எஞ்சினை ஏற்றிவிட்டார்.

அவர் சென்றபின் நாம் கேட்டோம், “ஏன் அத்தா, தாளு எப்பவும் சுத்தமாத்தானே இருக்கு?” என்று. “தாளு விரிக்கிறதாலதான் சுத்தமா இருக்கு” என்றார். அச்சிறு வயதில் நமக்கு அது புரியவில்லை. தாளை விரிப்பவர் என்று தெரிந்திருப்பதால் பட்டறையில் வேலை செய்த பையன்கள் ஒவ்வொரு நட்டையும் கவனமாக முடுக்கினார்கள் என்பதையே அவர் அவ்வாறு கூறினார். மயாமியில் சில நொடிகள் சுழலவிட்டதைப் படித்தபோது நம் கண்முன் தோன்றியது அந்த எண்ணெய் படாத செய்தித்தாள்தான்.

இவ்விபத்துக் கதை நமக்கு நூலகத்தில் கிடைத்ததன்று. மாணவர் ஒருவர் தந்தது. நம்மிடம் பகுதி ஒன்று தமிழ் பயின்ற அவர், பின்னர் விமானப் பராமரிப்புத் துறையில் பயிற்சி பெற்று, வளைகுடா நாடொன்றில் பணியில் சேர்ந்தார். சென்ற ஆண்டு விடுமுறையில் வந்தவர் நம் இல்லத்துக்கு வந்து நெடுநேரம் பேசினார். முகத்தில் வழக்கமான மலர்ச்சி இல்லை.

நடந்தது இது. ஓர் இரவு, முந்தைய பணிமுறையில் இருந்தவர் எஞ்சின் வேலையொன்றை முடித்துவிட்டு, ஏட்டில் சரிபார்ப்புக் கையொப்பம் பெறாமலே சென்றுவிட்டார். விமானம் புறப்படும் நேரம் நெருங்கிற்று. மேற்பார்வையாளர் இவரை அழைத்து, வேலை முடிந்துவிட்டது, கையொப்பம் மட்டும் இடு என்றார். மூடியைத் திறந்து பார்த்துவிட்டு இடுகிறேன் என்றார் இவர். வாக்குவாதம் நேர்ந்தது. முடிவில் மூடி திறக்கப்பட்டது. உள்ளே எல்லாம் செம்மையாக இருந்தன. ஒரு குறையும் இல்லை. விமானம் காலம் தாழ்ந்து புறப்பட்டது. இவருக்குக் கிடைத்தது எச்சரிக்கைக் கடிதம். ஒப்பந்தம் புதுப்பிக்கப்படுமா என்பது ஐயத்துக்கு உரியதாயிற்று.

“ஏதாவது தப்பு இருந்திருந்தாக்கூட மனசு ஆறியிருக்கும் சார். எல்லாம் சரியா இருந்துச்சு. அதான் எல்லாரும் சிரிச்சிட்டாங்க” என்றார் அவர்.

மறுநாள் அவருடைய தந்தையாரும் வந்தார். இரண்டு பெண்மக்களின் திருமணப் பொறுப்பைத் தோளில் சுமப்பவர். “நீங்க சொன்னா கேப்பான் சார். பெரிய ஆளுங்களோட அனுசரிச்சுப் போகச் சொல்லுங்க. ஒரு கையெழுத்துதானே? எல்லாம் சரியாத்தானே இருந்திருக்கு” என்றார். அவர் குரலில் இருந்த அச்சம் பொய்யன்று. மகன் அனுப்பும் பணத்தில் உலையேறும் வீட்டின் அச்சம் அது. அதனை எளிதாக மறுத்துப் பேச நமக்கு நா எழவில்லை.

ஆயினும் மறுத்தோம். நம் தந்தையாரின் செய்தித்தாளைப் பற்றி அவருக்குச் சொன்னோம். தாள் சுத்தமாக இருந்த நாட்களே மிகுதி. அதனால் தாள் விரித்தது வீண் என்று ஆகிவிடுமா? திறந்து பார்த்தபோது எல்லாம் சரியாக இருந்தன என்பது, திறந்து பார்த்ததனால் தெரிந்த செய்தி. பார்க்காமலே இட்டிருந்தால் அந்தக் கையொப்பம் சொல்லும் செய்தி வேறு. “நான் கண்டேன்” என்று அது உலகுக்குச் சொல்லும். அவர் கண்டிருக்க மாட்டார். வழக்கு மன்றத்தில் காணாததைக் கண்டேன் என்று சொல்பவரை நாம் என்ன பெயரிட்டு அழைக்கிறோம்? அவர் சொன்னது தற்செயலாக உண்மையாகவே இருந்துவிட்டாலும் அவர் சாட்சி ஆகிவிடுவாரா?

பெரியவர் சிறிது நேரம் பேசாதிருந்தார். பின்பு, “சரி சார். ஆனா வேலை போச்சுன்னா?” என்றார். அதற்கு நம்மிடம் விடை இல்லை. வேறு இடத்தில் வேலை தேட நமக்குத் தெரிந்த நண்பர்களிடம் சொல்கிறோம் என்று மட்டும் கூறினோம். சொல்லியும் வைத்தோம். அம்மாணவர் விடுமுறை முடிந்து பணிக்குத் திரும்பினார். அவ்வாண்டு ஒப்பந்தம் புதுப்பிக்கப்படவில்லை. சில மாதம் வீட்டில் இருந்தபின் வேறொரு நாட்டில், முன்னதினும் குறைந்த ஊதியத்தில், அதே துறையில் சேர்ந்திருக்கிறார். மூத்த சகோதரியின் திருமணம் தள்ளிப் போயிருக்கிறது. நேர்மைக்கு விலை இல்லை என்று மேடைகளில் பேசுகிறோம். விலை உண்டு, அதனை ஒரு குடும்பம் செலுத்திக்கொண்டிருக்கிறது என்பதை நாம் மறைத்தலாகாது.

இதனால்தான் சமுதாயப் பெரியோர்களிடம் ஒரு விண்ணப்பம் வைக்க விரும்புகிறோம். ‘அனுசரித்துப் போ’ என்பது குடும்பத்துக்குள் நல்ல சொல். உறவுகளைக் காத்த சொல். ஆனால் பணித்தளத்தில், ஓர் இளைஞன் காணாததற்குச் சாட்சியம் சொல்ல நேரும் வேளையில், அச்சொல்லை நாம் அவனுக்குச் சொல்லிவிடலாகாது. மயாமியில் 12 முறையும் எல்லாரும் அனுசரித்துத்தான் போயிருக்கிறார்கள். நம் பிள்ளைகள் இன்று விமான நிலையத்திலும் மருத்துவமனையிலும் மருந்தகத்திலும் கட்டட வேலையிலும் இருக்கிறார்கள். திறந்து பார்த்தபின்தான் கையொப்பமிடுவேன் என்று ஒருவன் சொல்லி அதனால் வேலையை இழந்து வந்தால், பிழைக்கத் தெரியாதவன் என்று அவனைச் சிரிக்காதிருப்போம். அவன் வீட்டு அடுப்பு அணையாதிருக்க வழி தேடுவோம். நேர்மையாளனைப் பாராட்டுவதைவிட அவன் செலுத்தும் விலையில் பங்குகொள்வதே நமக்குக் கடமை.

ஆசிரியராகிய நாமும் இதற்குப் புறம்பானவர்கள் அல்லோம். தேர்வு விடைத்தாளின் மதிப்பெண் பட்டியலில் திருத்தியவர் கையொப்பம், கூட்டலைச் சரிபார்த்தவர் கையொப்பம், தலைமைத் தேர்வாளர் கையொப்பம் என்று மூன்று கையொப்பங்கள் இருக்கும். திருத்தியவர் சரியாகக் கூட்டியிருப்பார் என்று இரண்டாமவரும், இருவர் பார்த்துவிட்டார்களே என்று மூன்றாமவரும் இட்டுவிட்டால், அங்கே கையொப்பம் மூன்று. பார்த்த கண் ஒன்று. அந்த ஒரு கண்ணும் நள்ளிரவில் அயர்ந்திருந்தால், தேர்ச்சி பெற வேண்டிய ஏழை மாணவி ஒருத்தி ஓராண்டை இழப்பாள். அதுவும் சிறு விபத்துத்தான். நாளேட்டில் வராது.

மாணவச் செல்வங்களுக்கும் ஒரு சொல். நம்மிடம் பயில்வோரில் மெக்கானிக்கின் பிள்ளைகள், தையற்காரரின் பிள்ளைகள், கொத்தனாரின் பிள்ளைகள் பலர். விண்ணப்பப் படிவத்தில் தந்தையின் தொழிலை எழுதுமிடத்தில் சிலருடைய பேனா தயங்குவதை நாம் கண்டிருக்கிறோம். தயங்க வேண்டா. தோற்றத்தில் சிறியாரைக் குறைத்து மதிப்பிடலாகாது என்பதற்கு வள்ளுவர் எடுத்துக்கொண்ட உவமை தேரின் அச்சாணி. மயாமியில் அச்சாணியின் இடத்தில் இருந்தது ஒரு ரப்பர் வளையம். அதனை மாட்ட வேண்டியது எண்ணெய் படிந்த ஒரு கை. அத்தகைய கைகளால் வளர்ந்தவர்கள் நீங்கள். தந்தையர் எஞ்சினுக்குக் காட்டிய அக்கறையை நீங்கள் நாளை அமரப்போகும் மேசைக்கும் எடுத்துச் செல்லுங்கள். தாள் எதுவாயினும் ஆகுக. அதில் ‘சரிபார்க்கப்பட்டது’ என்று அச்சிட்ட வரிக்கு அடியில் உங்கள் பெயரை எழுதுமுன், மூடியைத் திறந்து ஒருமுறை பாருங்கள்.